உங்களுக்குத் தெரியுமா? சிவகாசிக்கு மேற்கே ஒரு புலிக்காடு

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், மேற்கு வானத்தை அடைத்துக்கொண்டு நீலமாக நீண்டு கிடக்கிறதே ஒரு மலைத்தொடர், அதுதான் இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம். பெயர், ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அறிவிப்பு வந்தது 2021 பிப்ரவரியில். முதுமலை, களக்காடு – முண்டந்துறை, ஆனைமலை, சத்தியமங்கலம் ஆகியவற்றுக்குப் பிறகு தமிழ்நாட்டின் ஐந்தாவது. பரப்பளவு 1,016 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

நம்மூர் ஆட்கள் விடுமுறை என்றால் வேன் பிடித்துத் தேக்கடிக்குப் போவார்கள். தேக்கடிக் காடும் இந்தக் காடும் ஒன்றுதான். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பெரியாறு காப்பகம், இந்தப் பக்கம் நம்முடையது. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை கிடையாது. படகுக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்கும் சிவகாசிக் குடும்பத்துக்குத் தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிவதும் அதே காட்டின் மறுபக்கம்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த வாரம் முழுக்க மேற்கு மலைச் செய்திகள்.

✦

சிவகாசியைக் கந்தக பூமி ஆக்கியதே இந்த மலைதான், தெரியுமா?

ஜூன் மாதம் அரபிக் கடலிலிருந்து கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி, கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கீழே இறங்குவது வெறும் வறண்ட காற்று. கேரளத்தில் ஆறுகள் கரை புரளும் அதே ஆடியில், நம் பக்கம் புழுதிதான் பறக்கும். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போகும் வடகிழக்குப் பருவமழை.

இந்த வறட்சியால் விவசாயம் பொய்த்தது. வேறு பிழைப்புத் தேடி 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மருந்து தோய்த்த குச்சி காயவும், காகிதக் குழாய் காயவும், அச்சடித்த தாள் காயவும் இந்த வெயிலும் ஈரமற்ற காற்றும் கைகொடுத்தன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழிலும் ஓர் ஊரில் வேர்விட்டதற்கு மனிதர்களின் உழைப்பு முதல் காரணம் என்றால், இரண்டாவது காரணம் மேற்கே நிற்கிறது.

✦

மழையைத் தடுத்த மலையே தண்ணீரும் தருகிறது. சிவகாசிக்குக் குடிநீர் தரும் வெம்பக்கோட்டை அணை வைப்பாற்றின் மேல் கட்டப்பட்டது. அந்த ஆற்றுக்கு நீர் கொடுப்பவை இந்த மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகள். வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. அந்த வட்டாரத்து நெல்லும் தென்னையும் அவற்றை நம்பியே நிற்கின்றன. மலைக்காட்டில் பெய்யும் மழை அர்ச்சுனா நதி வழியாகவும் வைப்பாறு வழியாகவும் ஓடிவந்து இருக்கன்குடி மாரியம்மன் கோவிலருகே ஒன்றுசேர்கிறது. மேகமலைப் பக்கம் வருசநாட்டு மலையில் பிறப்பது வைகை. காப்பகம் என்றால் புலிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள், அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது மேற்கே ஒரு தடவை பார்க்கலாம்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையிலிருந்து ஆறு இறங்கும் இடத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி நகரத்துக்குக் குடிநீர் ஆகிறது. ஊற்றுக்கண் அருகே ஒரு காவல் தெய்வத்தை அமர்த்திவைத்த முன்னோர், வனச்சட்டம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த நீரைப் பாதுகாக்க வழி செய்திருக்கிறார்கள்.

✦

புலி வருவதற்கு முன்பு இந்தக் காட்டின் அடையாளம் என்ன? ஓர் அணில்!

1988 டிசம்பரில், சுமார் 485 சதுர கிலோமீட்டர் காட்டை ஓர் அணிலுக்காகச் சரணாலயம் ஆக்கியது தமிழ்நாடு அரசு. சாம்பல் நிற அணில், நரை அணில் என்றெல்லாம் சொல்கிறார்கள். வீட்டு முருங்கையில் ஓடும் மூன்று கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. இது பெரிய அணில் வகை. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். வாலையும் சேர்த்து அளந்தால் முக்கால் மீட்டர்கூட இருக்கும். உடம்பு மயிரின் நுனியெல்லாம் வெள்ளை தட்டியிருப்பதால் சாம்பல் தூவியது போன்ற நிறம்.

உலகத்தில் இந்த இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. தமிழ்நாட்டில் ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக் கரைக் காடுகளிலும், கேரளத்தில் சின்னாறிலும் பார்க்கலாம். ஆனால் இதற்கென்றே பெயர் சொல்லி ஒரு சரணாலயம் அமைந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். இலங்கையின் வறண்ட காடுகளில் வாழும் நரை அணிலும் நம்முடையதும் ஒரே உட்பிரிவு என்கிறார்கள் விலங்கியலாளர்கள். நடுவில் கடல் கிடக்கிறது!

இதைப் பார்க்கச் செண்பகத்தோப்புக்குப் போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சிறிது தூரம்தான். மாந்தோப்பும் புளியமரமும் ஓடைக்கரை மரங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் அடிவாரம். அதிகாலையில் போக வேண்டும். முதலில் தரையைப் பாருங்கள்: பாதி கொறித்த காயும், பிய்த்துப் போட்ட தோலும் புதிதாகக் கிடந்தால் ஆள் மேலேதான் இருக்கிறது. பிறகு கிளைகள் சந்திக்கும் உச்சியில் இலையும் சுள்ளியும் சேர்த்து உருண்டையாகக் கட்டிய கூடு தென்படும். ஓர் அணிலே ஒன்றுக்கு மேற்பட்ட கூடு கட்டும். வெயில் ஏறிவிட்டால் கிளையோடு கிளையாக வயிற்றை அப்பிப் படுத்துவிடும். நீண்ட வால் மட்டும் கீழே தொங்கும். அந்த வாலைக் கண்டுபிடிக்கும் பொறுமை உள்ளவர்க்கே அணில் தெரியும்.

இந்த அணில் தரைக்கு வருவதை விரும்பாது. கிளைவிட்டுக் கிளை தாவியேதான் வாழ்கிறது. அதனால் ஒரு மரத்தின் தழை அடுத்த மரத்தின் தழையைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் வழி அறுந்துவிடும். இறங்கினால் நாயும் சிறுத்தையும் காத்திருக்கின்றன. அடிவாரத் தோப்புகளை மனையாக்கும் ஒவ்வொரு பத்திரப்பதிவும் அணிலின் பாதையில் விழும் வெட்டு. சரணாலயத்தின் எல்லைக்கல் காட்டோடு நின்றுவிடுகிறது, அணிலின் வாழ்க்கை தோப்புக்குள்ளும் நீள்கிறது. தங்கள் மாங்காயைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போனாலும் அதை விரட்டாமல் விடுகிற தோப்புக்காரர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசு விருது கொடுத்தால் தகும்.

✦

2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம் அந்தப் பட்டியலில் உண்டு. தாஜ்மஹாலுக்கும் மாமல்லபுரத்துக்கும் கிடைத்த அதே தகுதி.

✦

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு நம் மாவட்டத்து மலை உச்சியிலும் மேய்கிறது. உதகைக்கும் வால்பாறைக்கும் போனால்தான் பார்க்கலாம் என்றில்லை. புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேர்ந்த உயரங்களில் மட்டும் வாழும் இந்த ஆட்டுக்காக 2022-இல் தமிழ்நாடு அரசு தனித்திட்டமே தொடங்கியது. 2024-இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகள். அக்டோபர் 7 வரையாடு நாள். 1975-இலேயே இவற்றை முறையாக ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாகக் கொண்டாடப்படுகிறது.

மலையின் மேல்பகுதி சாதாரண உயரம் இல்லை. எல்லை முகட்டில் நிற்கும் கோட்டைமலை ஏறத்தாழ 2,000 மீட்டர். அடிவாரத்தில் முள்காடு, நடுவில் இலையுதிர் காடு, அதற்கு மேல் சோலை, உச்சியில் புல்வெளி. ஒரே சரிவில் நாலு உலகம்.

✦

சோலைப் பகுதியில் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் இருக்கின்றன. கருமந்திக்கு ஒரு காலத்தில் வந்த ஆபத்து நம் வைத்தியத்தால் வந்தது. கருங்குரங்கு லேகியம் என்று பாட்டிலில் அடைத்து விற்றார்கள். இளைப்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே அந்த வேட்டை அடங்கியது. இன்று யாராவது அப்படி ஒன்றை விற்க வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

✦

மாநிலப் பட்டாம்பூச்சி தெரியுமா? தமிழ் மறவன். 2019-இல் அறிவித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இனம்.

ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை உண்டு தெரியுமா? 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. இந்திய நாய் இனங்கள் நான்கில் ஒன்றாக. பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் கொண்ட இந்த நாய், மலையடிவாரப் பாளையக்காரர்களோடு பன்றி வேட்டைக்குப் போனது. வேட்டை சட்டப்படி நின்றது. நாய் இப்போது தோப்புக் காவலுக்கு இருக்கிறது.

✦

சிவகாசிக்காரருக்கு ‘மலை’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது எது? சதுரகிரி.

சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் குடியிருக்கும் மலை. கோவில் இருப்பது மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்துச் சாப்டூர் மலையில், ஏறுகிற வழி விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே தாணிப்பாறையிலிருந்து. பதினெட்டுச் சித்தர்களும் உலவும் மலை என்பது மக்களின் நம்பிக்கை. சுந்தர மகாலிங்கம் கொஞ்சம் சாய்ந்த நிலையில் இருப்பார். அதற்கு ஒரு மாட்டுக்காரர் கதை சொல்வார்கள். மேலே போய்ப் பூசாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே சிறப்பு.

மலையேற்றம் என்ற சொல்லைப் பத்திரிகைகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம் அப்பத்தாக்கள் இதை ஏறியிருக்கிறார்கள், வெறுங்காலில், இடுப்பில் ஒரு தூக்குவாளியோடு. வழி முழுக்கப் பெயர்கள்: வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பெரிய பசுக்கிடை, பிலாவடிக் கருப்பசாமி. இவை வெறும் கோவில் பெயர்கள் அல்ல. எங்கே கால் வழுக்கும், எங்கே பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எங்கே மாடு அடைத்தார்கள் என்று நடப்பவனுக்குச் சொல்லும் வழிகாட்டி. வரைபடம் கையில் இல்லாத காலத்தில் எழுத்துத் தெரியாதவரும் மனப்பாடமாக எடுத்துப் போன வரைபடம் இது. ஏழெட்டு கிலோமீட்டர் ஏற்றம். பழகிய கால் மூன்று மணி நேரத்தில் ஏறும், பழகாத கால் ஐந்து மணி நேரம் கேட்கும்.

அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷ நாட்களை ஒட்டித்தான் கூட்டம். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் வருவார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இத்தனை பேர் நடப்பது சாதாரணச் செய்தி இல்லை. வனத்துறை நேரக் கட்டுப்பாடு வைப்பதைப் பக்திக்குத் தடை என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடு இல்லை. இரவில் பாதை விலங்குகளுடையது. ஓடையில் எப்போது வெள்ளம் வரும் என்றும் சொல்ல முடியாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அரை மணியில் ஓடையை நிரப்பிவிடும். 2015 மே மாதம் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். காவலர் ‘இன்னைக்கு மேலே போகாதீங்க’ என்றால் திரும்பிவிடுங்கள். சாமி அங்கேயேதான் இருப்பார்.

இன்னொன்று. குரங்குக்குப் பொரியும் பிஸ்கட்டும் போடாதீர்கள். போட்டுப் பழக்கிவிட்டு, பையைப் பிடுங்குகிறது என்று அதையே குற்றம் சொல்வது நியாயமில்லை. பிளாஸ்டிக் பையில் கொண்டுபோன நைவேத்தியத்தின் மிச்சத்தைப் பையோடு மிளா தின்கிறது. அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

✦

தீயைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் நாம் கற்றதைக் காட்டுக்குக் கொண்டுபோகிறோமா?

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகிறவர் சட்டைப்பையில் தீப்பெட்டி வைக்க மாட்டார். செல்போனை வெளியே கொடுத்துவிடுவார். செருப்பைக் கழற்றுவார். இரும்புக் கருவியால் பொறி வரும் என்று அதைத் தொடவும் மாட்டார். மருந்தைத் தரையில் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, கொட்டியதை அப்படியே விடக் கூடாது என்பதெல்லாம் இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். உராய்வு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

அதே மனிதர் மாசி, பங்குனியில் அடிவாரத்துக்கு வரும்போது மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிவிடுகிறார். பீடித் துண்டைச் சருகில் போடுகிறார். பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் என்று நம்மூர் விடுமுறைகள் வருவது காட்டின் மிக வறண்ட மாதங்களில். சரிவெல்லாம் ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல் நிற்கும். காற்று மேல்நோக்கி வீசினால் அந்தத் தீயோடு யாரும் ஓட முடியாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது அதுதான். மலையேறப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி, வழிகாட்டி, பாதையின் தரப்பிரிவு என்று எல்லாம் முறைப்படுத்தப்பட்டன. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும்படி அரசே திறந்தது. விருதுநகர் மாவட்டமும் அதில் உண்டு. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்தக் காலத்தில் தீத்தடுப்புக் காவலர்கள் கோடு வெட்டி, சருகு கூட்டி, இரவும் பகலும் காட்டிலேயே கிடக்கிறார்கள். தீ பிடித்தால் அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒடித்த பச்சைக் கிளை.

மருந்து அறைக்குள் எப்படிப் போவீர்களோ அப்படிக் காட்டுக்குள் போங்கள். இதைவிடச் சுருக்கமாகச் சிவகாசிக்காரருக்கு யாரும் சொல்லிவிட முடியாது.

✦

சண்டையே போடாமல் ஒரு சமூகம் வாழ முடியுமா? இந்த மலையின் பளியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் தென் தமிழகத்துப் பளியர்களோடு தங்கி ஆராய்ந்தார். அவர் வியந்து எழுதியது அவர்களின் அமைதியைப் பற்றி. ஒருவர் மற்றவரை அதிகாரம் செய்வதில்லை. போட்டி போடுவதில்லை. கோபம் வந்தால் எதிர்த்து நிற்பதைவிட எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவது வழக்கம். குழந்தைகளை அடிப்பதை அவர்கள் விரும்புவதில்லை; குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே மரியாதை. உலகில் அமைதியாக வாழும் சமூகங்களைப் பற்றி ஆய்வாளர்கள் பேசும்போதெல்லாம் நம் மலையடிவாரத்து இந்த மக்களின் பெயர் வருகிறது. அடிவாரத்து ஊர்களிலோ அவர்களின் பெயரைச் சரியாகச் சொல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கமும் தாணிப்பாறை அடிவாரத்திலும் அவர்களின் குடியிருப்புகள் உள்ளன. மலைத்தேன், குங்கிலியம், கடுக்காய், கிழங்கு வகைகள் சேகரிப்பது பரம்பரைத் தொழில். பளிச்சியம்மன் அவர்களின் தெய்வம். செங்குத்துப் பாறையில் கொடியைக் கயிறாக்கி இறங்கி, புகை போட்டுத் தேன் எடுப்பார்கள். கிழங்கு தோண்டினால் மறுபடி முளைக்கக் கொடியை விட்டுவைப்பார்கள். 2006-இன் வன உரிமைச் சட்டம் இந்த உரிமைகளை ஏட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏட்டில் இருப்பது பட்டாவாகவும் வீடாகவும் சாலையாகவும் வந்து சேர்வதில்தான் தாமதம்.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தேன் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வழிகாட்டியாக ஒருவர் வந்தால், அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். நமக்குச் சருகுச் சத்தமாகக் கேட்பது அவருக்கு மிளாவா, பன்றியா, ஒற்றை யானையா என்று தெரியும்.

✦

செண்பகத்தோப்பிலிருந்து காட்டுக்குள் நடந்தால் காட்டழகர் கோவில். வழியெல்லாம் ஓடை. மலைக்கும் ஆழ்வார்கள் ஊருக்கும் உள்ள உறவு பழையது. கீழே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் ஒரு கிளி இருக்குமே, அது சிலையோடு வார்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தினமும் புதிதாகச் செய்வது! மரவள்ளி இலையை மடித்து உடம்பு, மாதுளம் பூவில் அலகு, வாழைநாரால் கட்டு. இதற்கென்றே பரம்பரையாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். மாலை பூஜைக்கு ஆண்டாள் கையில் ஏறும். காட்டையும் தோட்டத்தையும் கூர்ந்து பார்த்த கண்ணுக்குத்தான் இலைக்குள் கிளி தெரியும். மலையேறி இறங்கிய அன்று சாயங்காலம் ஒரு நடை கோவிலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பால்கோவாவை வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஏறுவது சரியில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் உண்மைதான், சுவையும் உண்மைதான், இருந்தாலும்.

✦

தீக்குச்சி எந்த மரம் தெரியுமா? பல காலம் அது மட்டி மரம். பளுவில்லாத, நேராகப் பிளக்கும் மென்மரம். கேரளத்திலிருந்து லாரி லாரியாக மலையைத் தாண்டிச் சிவகாசிக்கு வந்தது. பெட்டியின் பக்கத்தில் நாம் உரசிய குச்சிகளில் எத்தனையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்து மழையில் வளர்ந்தவை.

✦

வெடி வெடிக்காத தீபாவளி கொண்டாடும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பட்டாசு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம், பெருமைப்படலாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூடு கட்ட வந்த பறவைகள் மிரண்டு ஓடிவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக வெடி போடுவதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் அப்படியே. எங்கே வெடிக்கலாம், எங்கே கூடாது என்று ஊரே கூடி முடிவெடுத்திருக்கிறது. மலையடிவாரத்தில் சுற்றுலா வந்து சரவெடி கொளுத்துபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஓர் ஆயிரம்வாலாச் சத்தத்தில் கூட்டைவிட்டு ஓடும் தாய் அணில் குட்டியை விட்டுவிட்டே ஓடும்.

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து காட்டுப்பன்றிக்கு வைப்பது. பன்றி மட்டுமா கடிக்கும்? 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதறி, ஆற்று நீருக்குள் நின்றபடியே செத்துப்போனது. நாட்டையே உலுக்கிய மரணம் அது. வெடிமருந்தைத் திருவிழாவுக்கும் கொண்டாட்டத்துக்கும் ஆக்கிக் கொடுத்த ஊர் நாம். கணக்கில் வராத மருந்து ஒரு கைப்பிடிகூடக் கெட்ட கைக்குப் போகாமல் பார்ப்பதும் நம் பொறுப்பு.

✦

எப்போது போகலாம்? தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களே நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் ஓடும், சரிவெல்லாம் பச்சை கட்டும். ஆனால் மழை அறிவிப்பு இருந்தால் அய்யனார் கோவில் ஆற்றிலோ மீன்வெட்டிப் பாறையிலோ இறங்காதீர்கள். மார்கழியும் தையும் இன்னும் நல்லது: தெளிந்த வானம், குறைந்த வெள்ளம், காலைப் பனி. கிளம்புவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் வனத்துறை அலுவலகத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். புலியைப் பார்த்தே தீருவேன் என்று போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் கிடைப்பது ஓடை மணலில் ஒரு கால்தடம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதையே ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலாவுக்குத் தீம் பார்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போங்கள். பஸ் செலவு அதிகம் ஆகாது.

✦

கடைசியாக அச்சகக்காரர்களுக்கு. இந்தியா முழுக்கச் சுவரில் தொங்கும் காலண்டரில் பெரும்பங்கு நம் ஊரில் அச்சாகிறது. அதில் எத்தனை மலைகள்! பனி மூடிய சுவிட்சர்லாந்து, ஏரிக்கரைக் கனடா, யாருடைய ஊரென்றே தெரியாத அருவி. பட்டாசு உறையிலும் தீப்பெட்டி மேலும் சேவலும் அணிலும் வண்ணவண்ணமாக அச்சடித்த ஊர் இது. அடுத்த ஆண்டுக் காலண்டருக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு மாதத்துக்காவது செண்பகத்தோப்பு நரை அணிலைப் போடுங்கள். இன்னொரு மாதத்துக்கு மேகம் இறங்கிய சதுரகிரியைப் போடுங்கள். கீழே சிறிய எழுத்தில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை, தமிழ்நாடு’ என்று எழுதுங்கள். ஆடி பதினெட்டுக்கு ஆல்பம் தயாராகும் முன் முடிவு செய்துவிட்டால், தைக்குள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடும்.